பேரன் தோளில் ஒரு கை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த இடத்தில் எந்த ல வரும், எந்த ர வரும் என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பகல் முழுவதும் மற்றவர்கள் எழுதியதைக் கம்ப்யூட்டரில் பக்கமாக அடுக்குகிறவன், இதை மட்டும் ஏன் கையால் எழுதுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். அச்சகத்தில் உட்கார்ந்து தட்டினால் யாராவது முதுகுக்குப் பின்னால் நின்று படிப்பார்கள். போனிடம் சொன்னால் அதுவே பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வந்திருந்தால் எழுதவே தேவைப்பட்டிருக்காது.

போர்ட் பிளேரில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். பேப்பர் பண்டல் தூக்கத்தான் சேர்ந்தேன். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கே போய்விட்டார். அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அடிக்கடி வருகிற சொற்களை முகத்தை அடையாளம் காண்பதுபோல அடையாளம் காண்பேன். புதிதாக ஒரு பெட்டி திரையில் வந்து ஏதாவது கேட்டால் குத்துமதிப்பாக ஏதோ ஒன்றை அழுத்திவிடுவேன். யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால் படிக்கத் தெரியாதது தெரிந்துவிடும்.

இப்போது போனில் தமிழில் பேசினால் பதில் சொல்கிற வசதி வந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. நாம் ஒவ்வொரு பக்கமாகப் போய்ச் செய்ய வேண்டியதை எழுதி வைத்த கட்டளை அது. பக்கம் அடுக்குகிற சாப்ட்வேருக்குள் போட்டால் மொத்தப் புத்தகத்துக்கும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும். எனக்கு என்ன வேண்டும் என்று போனிடம் சொல்வேன். அது எழுதித் தரும். அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் போடுவேன். தப்பாக ஓடினால் மறுபடி போனிடம் போய் முறையிடுவேன்.

முன்னறையில் எல்லோரும் இருக்கும்போது அப்படிப் பேச வெட்கம். அதனால் பின்பக்கம், பேப்பர் பண்டல் அடுக்கி வைத்த இடத்துக்குப் போய் மெதுவான குரலில் பேசுவேன். பைண்டிங் பகுதியில் பசை தடவுகிற வங்காளிப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். நாங்கள் தீதி என்று கூப்பிடுவோம். அவர் கொஞ்ச நாள் என்னையே பார்த்துவிட்டு, யார் அந்தப் பெண், உன் வீட்டுக்காரிக்குத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்டும் மிஷினுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஏதோ உளறிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காது சூடாக இருந்தது.

இந்த வருஷம் பெரார்கஞ்சில் ஒரு கோயில் கும்பாபிஷேகம். அதற்கு மலர் போடும் வேலை எங்களுக்கு வந்தது. பக்கம் அடுக்குவது மட்டும் இங்கே. அச்சடிப்பது சென்னையில். புத்தகக் கட்டுகள் கப்பலில் வர வேண்டும். கப்பல் தப்பினால் கும்பாபிஷேகம் முடிந்த பிறகுதான் மலர் வரும். அதனால் ஆரம்பத்திலிருந்தே எல்லோருக்கும் அவசரம்.

உபயம் செய்த ஒவ்வொரு குடும்பத்தின் படமும் மலரில் வரும் என்று கமிட்டியில் அறிவித்திருந்தார்கள். அதில் என் அக்கா குடும்பமும் உண்டு. அக்கா மகன் அங்கே புதிதாக வீடு கட்டியிருந்தான். பால் காய்ச்சிய அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்தது நான்தான், என் போனில். வீட்டு வாசலில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தேன். மகன், மருமகள், சம்பந்தி வீட்டார், பிள்ளைகள் என்று வரிசை நீண்டுவிட்டது. அத்தான் போன பிறகு அக்கா நல்ல காரியங்களில் முன்னால் வருவதில்லை. யாரும் சொல்லி அல்ல. அவளாகவே விலகி நின்று பழகிவிட்டாள். அன்றும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

கிட்ட வா என்று கூப்பிட்டேன்.

"நல்ல நாளும் அதுவுமா நான் எதுக்குடா? புள்ளைங்கள எடு."

"ஓரமாவாச்சும் நில்லுக்கா. அதுலயே விழுந்துருவ."

கடைசிப் பேரன் ஆச்சி வந்தால்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தான். அவனுக்காக வந்து வரிசையின் கடைசியில் நின்று, அவன் தோளில் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் எடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு ஆதார் அட்டையைத் தவிர வேறு படம் கிடையாது. அதில் இருப்பது நானே இல்லை என்பாள். அதனால் மலரில் தன் படம் வருவதை வெளியே சொல்லாவிட்டாலும் மனதுக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். வரிசைக் கடைசியில் நிற்கிற ஆள்கூடப் புத்தகத்தில் வருவார்களா மாமா என்று அத்தை இரண்டு தரம் கேட்டார்களாம்.

படங்கள் வந்து குவிந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்று படுத்திருக்கும், ஒன்று நிற்கும். போனிலிருந்து போனுக்கு அனுப்பி அனுப்பிச் சுருங்கிப் போன படங்கள் வேறு. திரையில் நன்றாக இருக்கும், அச்சில் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். ஒவ்வொன்றாகச் சோதித்தால் கப்பல் போய்விடும். பேப்பர் பண்டல் பக்கம் போனேன். பக்கத்தில் படம் உட்காருகிற கட்டத்தைப் பிரேம் என்போம். போனிடம் சொன்னேன். ஒவ்வொரு பிரேமாகப் பார். படம் காணாமல் போயிருந்தாலோ, அச்சுக்குத் தாங்காத படமாக இருந்தாலோ பிரேமுக்குச் சிவப்புக் கோடு போடு. மற்றதையெல்லாம் பிரேம் நிறைய, வெள்ளை இடைவெளி இல்லாமல், நட்டநடுவில் உட்கார வை. ஒரு பக்கத்தில் உள்ள பிரேம்களின் தலை ஒரே கோட்டில் இருக்கட்டும். கடைசியில் வருகிற செய்தி தமிழில் வரட்டும்.

இரண்டு மூன்று தரம் தகராறு செய்துவிட்டு ஓடியது. சிவப்புக் கோடு விழுந்த படங்களுக்கு மட்டும் அந்தந்த வீட்டிலிருந்து நல்ல படம் கேட்டு வாங்கினோம். மறுபடி ஓட்டினேன். திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. பிழை இல்லை என்றது.

பக்கங்கள் நூல் பிடித்தது போல இருந்தன. முதலாளி நகலை எடுத்துக்கொண்டு போய்க் கமிட்டித் தலைவரிடம் காட்டினார். தலைவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்று குட்வில் எஸ்டேட் என்கிற பகுதியில் குடியிருப்பவர். பக்கத்துக்குப் பக்கம் புரட்டிவிட்டு, மெயின்லேண்ட் புத்தகம் மாதிரியே இருக்கிறது என்றாராம். முதலாளி அதை எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அன்று மாலையே அக்கா போன் செய்தாள். மற்ற விஷயமெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் கேட்டாள்.

"நான் அதுல விழுந்திருக்கேனாடா?"

"விழுந்திருக்கக்கா. நல்லா வந்திருக்கு."

அந்தப் பக்கம் அப்போது என் முன்னால் திரையிலேயே இருந்தது. அதை எத்தனையோ தரம் பார்த்திருந்தேன். படத்தின் தலை சரியாக நிற்கிறதா, இடைவெளி தெரிகிறதா, கீழே பெயர் நேராக இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். பிழை இல்லை என்று பெட்டி சொல்லியிருந்தது. அதை வைத்துத்தான் அக்காவுக்குப் பதில் சொன்னேன்.

மறுநாள் நகல் பக்கங்களை தீதி மடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் படங்களைத்தான் பார்ப்பார். ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"யே ஹாத் கிஸ்கா ஹை, தாதா?"

யாருடைய கை இது அண்ணா என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினார். என் அக்கா வீட்டுப் படம். கடைசிப் பேரன் ஓரத்தில் நிற்கிறான். அவன் தோளில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்தது. அதற்கு அப்புறம் பிரேம் முடிந்து வெள்ளைத்தாள். பேய்ப்படம் போல இருக்கிறது என்று சொல்லி அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இந்த சாப்ட்வேரில் படத்தை வெட்டி எறிவதில்லை. பிரேமுக்கு வெளியே போன பகுதி மறைந்துதான் இருக்கும். படத்தின் மேல் மவுசை அழுத்திப் பிடித்து லேசாக நகர்த்தினால் மறைந்த பகுதி மங்கலாகத் தெரியும். அழுத்தினேன். பக்கத்தின் வெள்ளையில், பிரேமுக்கு வெளியே அக்கா தெரிந்தாள். நீலச் சேலை. பேரனைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்த தலை. விரலை எடுத்ததும் மறைந்துவிட்டாள். மறுபடி அழுத்தினேன். அங்கேயேதான் இருந்தாள். கையை எடுக்கவே பயமாக இருந்தது.

நடந்தது இதுதான். மலருக்கு வந்த குடும்பப் படங்களில் முக்கால்வாசி நீளம். பிரேம்கள் கிட்டத்தட்டச் சதுரம். நீளப் படத்தைச் சதுரத்தில் இடைவெளியில்லாமல் நிறைத்து நடுவில் உட்காரச் சொன்னால் இரண்டு ஓரமும் வெளியே போகத்தான் செய்யும். ஸ்கிரிப்ட் நான் சொன்னதை அப்படியே செய்திருந்தது. படம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேனே தவிர, ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லவில்லை. சொல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படத்தை எடுத்தவனே நான். ஓரமாக நில்லு, விழுந்துவிடுவாய் என்று சொன்னவனும் நான். அவ்வளவு தரம் பார்த்தும் என் கண்ணுக்கு அவள் இல்லாதது தெரியவில்லை. அவளை முன்பின் பார்த்திராத ஒருத்திக்குத் தெரிந்தது.

போனிடம் போய் இன்னொரு ஸ்கிரிப்ட் கேட்டேன். படத்தில் எவ்வளவு பிரேமுக்கு வெளியே போயிருக்கிறது என்று பார்த்து, அதிகமாகப் போனவற்றுக்குச் சிவப்புக் கோடு போடச் சொன்னேன். குரல் சரியாக எழும்பாததால் திரும்பச் சொல்லுங்கள் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டியதும் புத்தகம் முழுக்கச் சிவப்பு. ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். ஓரங்களில் இருந்தவர்கள் மங்கலாக வெளியே வந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு வயதான அம்மா. சக்கர நாற்காலியில் ஒருவர். பாக்குத் தோட்டத்தில் வேலை செய்கிற ராஞ்சிக்காரர் ஒருவர், அந்த வீட்டில் பிள்ளைபோல் இருப்பவராயிருக்கும், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார். கமிட்டியில் உள்ளவர்களும் நகலைப் பார்த்துச் சரி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

பிரேம்களை அகலமாக்கி, முழுப் படமும் உள்ளே நிற்கும்படி மாற்றினேன். பழைய அழகு போய்விட்டது. ஒன்று நீளம், ஒன்று கட்டை. தலைகள் ஒரே கோட்டில் நிற்கவில்லை. பக்கமும் கூடியது. முதலாளி பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டிய புத்தகம். தலைவரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. இங்கே ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டும்.

தலைவர் இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தானப்பா இருந்துச்சு. இப்ப பஜார்ல துணி காயப்போட்ட மாதிரி இருக்கு. யாரு மாத்தச் சொன்னது?"

"இவன்தான் சார். நான் கேட்டா பேச மாட்டேங்கிறான்." முதலாளி என் பக்கம் திரும்பினார். "சொல்லு பாய், சார் பூச் ரஹே ஹை."

சார் கேட்கிறார், சொல்லு என்று இந்தியில் விரட்டினார். ஓரத்தில் நிற்பவர்கள் போய்விடுகிறார்கள் என்றேன். தலைவர் கெட்டவர் இல்லை. கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ஓரத்துல நிக்கிறவங்கதானப்பா. நடுவுல உள்ளவங்க எல்லாரும் இருக்காங்கல்ல?"

பழைய நகலில் அக்கா வீட்டுப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அப்ப இந்தக் கைய என்ன சார் பண்ணட்டும்? இத மட்டும் அழிச்சுரவா?"

எதிர்த்துப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டேன். பழையபடி விடுவதென்றால் அந்தக் கையை அப்படியே விட முடியாது, பார்க்க அசிங்கம். படத்தில் தேவையில்லாததை அழிக்கிற வேலையும் நான்தான் செய்வேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"யாரு கை இது?"

"எங்க அக்கா."

அவர் அதற்குப் பிறகு அழகைப் பற்றிப் பேசவில்லை. சிவப்புக் கோடு போட்ட பக்கங்களைத் தானே புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, இது எங்க பெரியம்மால்ல என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு இப்படியே அனுப்பு என்றார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டினார்.

"நாங்க எல்லாரும் பாத்துட்டுச் சரின்னுட்டோம். கூடப்பொறந்தவன் கண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

இல்லை சார், நானும் பார்க்கவில்லை, அதோ அவர்தான் பார்த்தார் என்று சொல்ல வேண்டிய இடம் அது. தீதி நாலு அடி தூரத்தில் பசைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். தமிழ் புரியாததால், தலைவர் தட்டிக்கொடுத்ததை மட்டும் பார்த்து என்னிடம் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் படியிறங்கிவிட்டார் என்று எழுதலாம். அது பொய். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையைத் தேடி எடுத்து, முதலாளியோடு கப்பல் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார். அவ்வளவு நேரமும் நான் அங்கேயேதான் நின்றேன்.

கட்டுகள் கப்பலில் வந்து சேர்ந்தன. கும்பாபிஷேகத்தன்று மலர் கொடுத்தார்கள். தலைவர் பந்தலில் அக்காவைத் தேடிப் போய், அம்மா, உங்கள் தம்பி கண்டுபிடிக்காவிட்டால் உங்கள் கை மட்டும்தான் புத்தகத்தில் வந்திருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. நான் பந்தலின் ஓரத்தில் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போவதே எனக்குச் சங்கடமாகிவிட்டது. யார் வந்தாலும் மலரை எடுத்து வருகிறாள். அந்தப் பக்கம் தானாகவே விரிகிற அளவுக்குப் பழகிவிட்டது. தன் முகத்தின் மேல் விரலை வைத்துக் காட்டுவாள்.

"எவ்வளவு பேரு பாத்தாங்க. என் தம்பிக்கு மட்டும்தான் நான் இல்லாதது தெரிஞ்சுச்சு."

நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மட்டும், அக்கா அது வந்து என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருடா. நல்லது செஞ்சாலும் உனக்குக் கூச்சம்தான்."

அதோடு என் வாய் அடைத்துவிட்டது. கூச்சப்படுகிறவனுக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது. அவன் பேசாமல் இருந்தால் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அவள் இப்போது ஓரமாக நிற்பதில்லை என்று மருமகள் சொன்னாள். போன மாதம் சம்பந்தி வீட்டு விசேஷத்தில் படம் எடுக்கும்போது, கூப்பிடுவதற்கு முன்பே வந்து பேரனுக்குப் பக்கத்தில் நடுவில் நின்றாளாம். தம்பி பார்ப்பான், ஓரமாக நின்றால் திட்டுவான் என்றாளாம். உண்மையைச் சொன்னால் அவள் மறுபடி தொட்டிப் பக்கம் போய்விடுவாளோ என்று ஒரு பயம். அந்தப் பயத்தையே சாக்காக வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறேனோ என்று இன்னொரு பயம்.

தீதிக்கு ஒரு மலரைக் கொடுத்தேன். பக்கத்தை விரித்து, நீங்கள் கேட்ட கை இவளுடையது, என் அக்கா என்று இந்தியில் சொன்னேன். அவருக்கு அந்தக் கேள்வியே மறந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகம் உன்னைப் போலவே இருக்கிறதே என்றார். முதலில் பார்த்தது நீங்கள்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் பெரார்கஞ்சுக்குப் போகப்போவதில்லை.

இப்போதும் அதே ஸ்கிரிப்டைத்தான் ஓட்டுகிறேன். பிழை இல்லை என்று பெட்டி வந்ததும் உடனே ஓகே அழுத்துவதில்லை. ஒவ்வொரு படத்தையும் முதலில் இடது ஓரம், பிறகு வலது ஓரம், கடைசியில்தான் நடுவில் உள்ளவர்களைப் பார்க்கிறேன். நேரம் ஆகிறது. முதலாளி முணுமுணுக்கிறார்.

அக்கா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பாள். என் கையெழுத்து அவளுக்குப் பழக்கம்தான். நாளை விடுமுறை. காலை பஸ்ஸில் போய் இந்தத் தாள்களை அவள் மலருக்குள் அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கலாம் என்று இருக்கிறேன். திட்டினால் திட்டட்டும். படித்து முடித்த பிறகும் அவள் படங்களில் நடுவிலேயே நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். அதையாவது வாயால் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை.